கட்டைப் பலகை

கடலே இல்லாத மாத்தளையில் பிறந்தவளுக்கு அலைப் பலகை எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. உக்குவளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். எங்களுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து குழாயில் இறங்கும் பீலித் தண்ணீர்; அதை விட்டால் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் குதித்து நீந்திய சுது கங்கை. என் அம்மா கடலில் கால் நனைத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அதுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. அதனால் கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஆனால் ஒன்றின் மேல் ஆசை வைத்து, அதற்காகப் படித்து, பேசி, வாதாடி, அது கைக்கு வரும் நேரத்தில் பக்கத்தில் படுத்திருப்பவரே எடுத்துக்கொண்டு போவதை நின்று பார்த்தவளிடம் சிரித்துக்கொண்டு கேட்கக் கூடாது. அப்போது எனக்குக் கோபம் வரும்.

லக்கல பக்கம் மலைகளுக்கு நடுவே ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரையில் உள்ள சுற்றுலா விடுதியில், கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் புல் வெட்டினார், நான் அறைகளில் படுக்கை விரித்தேன். பிறகு விடுதிக்குத் துடுப்புப் பலகைகள் வந்தன. நீளமான, அகலமான பலகைகள். நடுவில் நேராக நின்றுகொண்டு ஒரு நீளத் துடுப்பால் தண்ணீரைத் தள்ளிப் போக வேண்டும். விருந்தாளிகளோடு கூடப் போவதற்கு நீந்தத் தெரிந்த ஆட்களைத் தேடினார்கள். எங்கள் இருவருக்கும் தெரியும். படுக்கை விரிப்பும் புல்லும் வேறு ஆட்களுக்குப் போயின.

அந்த நீர்த்தேக்கத்தில் ஒரு தொல்லை உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் பட்டமரங்களாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. வெளியே தெரிகிறவை பரவாயில்லை. ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருக்கும் கட்டைகள்தான் ஆபத்து. பலகையின் அடியில் மீனுக்கு இருப்பது போல ஒரு செட்டை உண்டு. அது கட்டையில் மாட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் மட்டும் தொடர்ந்து போவார். என் வீட்டுக்காரர் பட்டமரங்களைத் தூரத்திலேயே கண்டு, பெரிதாக ஒரு சுற்றுச் சுற்றிப் போவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கிட்டப் போய், பலகையின் பின்பக்கத்துக்கு இரண்டு எட்டு நகர்ந்து, வாலை அமுக்கி, மூக்கைத் தூக்கி, ஒரே தள்ளில் திருப்பிவிடுவேன். சில நாள் விழுந்தேன். விழுந்து விழுந்துதான் திருப்பப் பழகினேன்.

விடுதியின் முதலாளிக்குக் கிழக்குக் கடற்கரையிலும் ஒரு இடம் இருந்தது. பழகிக்கொள்ளட்டும் என்று எங்கள் இருவரையும் ஒரு வாரம் அங்கே அனுப்பினார்கள். நாங்கள் கொண்டுபோனது நீர்த்தேக்கத்தில் ஓட்டிய அதே நீளப் பலகைகள். நீளப் பலகைக்கு வேகம் உண்டு, அலையைச் சீக்கிரம் பிடித்துவிடும். அதற்கு அப்புறம்தான் வினை. அலை செங்குத்தாக எழும்பினால் நீளமான மூக்கு தண்ணீருக்குள் குத்திவிடும். குத்தாவிட்டால் கரையைப் பார்த்து நேரே போகும். திருப்பவே முடியாது. என் வீட்டுக்காரர் அப்படி நேரே போய்க் கரையில் இறங்கி, அலையை ஓட்டிவிட்டதாகக் கையைத் தூக்கிக் காட்டினார். நான் அலைக்கு நடுவில் என்னுடைய நீர்த்தேக்கத்துத் திருப்பலைச் செய்து பார்த்து, மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர் குடித்தேன்.

அங்கே விருந்தாளிகளுக்குப் பலகை ஓட்டப் பழக்குகிற வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருந்தார். நான் திரும்பத் திரும்பப் போய் விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு பின்னேரம் தன் பலகையை என்னிடம் தந்தார். என்னைப் போலவே சின்ன உடம்பு அவருக்கு. பலகையும் எங்களுடையதைவிட மூன்றடிக்கு மேல் நீளம் குறைந்த கட்டைப் பலகை. அதில் ஏறி நின்றதும் பலகை இரண்டு பக்கமும் ஆடியது. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் மூக்கு மறுபக்கம் ஓடியது. நேரே போகவே ஒரு மணி நேரம் பிடித்தது. பிறகு ஒரு அலை வந்தது. பின்காலை அழுத்தினேன். பலகை திரும்பியது. அலையின் முகத்தில் ஏறி, மேலே போய், மறுபடி திரும்பி இறங்கியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அந்த மாதிரி என் கல்யாணத்தன்றுகூடச் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்தான் கணக்கைச் சொல்லித் தந்தார். கட்டைப் பலகை எடுக்கிறவர்கள் அடிக்கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்து போவார்கள், பார்க்க வேண்டியது லீட்டர் கணக்கு என்றார். ஒரு பலகை எத்தனை லீட்டர் என்பதுதான் அது எவ்வளவு எடையைத் தாங்கி மிதக்கும் என்பதைச் சொல்லும். நீளம் ஒன்றாகவே இருக்கலாம். அகலத்தையும் தடிப்பையும் கூட்டினால் பாரமான ஆளுக்கு, குறைத்தால் சின்ன ஆளுக்கு. லீட்டர் குறைந்தால் நிற்க முடியாமல் அமிழ்ந்து போவோம். கூடினால் பலகையின் ஓரத்தைத் தண்ணீருக்குள் அழுத்த முடியாது, ஓரம் அமிழாவிட்டால் திரும்பாது. ஆகவே அலைப் பலகை என்பது ஓர் உடம்புக்குத்தான். அந்தக் கணக்கை நான் ஊருக்கு வரும்வரை பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

அடுத்த அலைப் பருவத்துக்குக் கடற்கரையில் நிரந்தரமாக நின்று பழக்குவதற்கு எங்கள் விடுதியிலிருந்து ஒருவரை எடுப்பதாக முடிவானது. ஒரே ஓர் ஆள். அந்த ஆளுக்கென்று வெளிநாட்டிலிருந்து ஒரு பலகை வரும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர் எங்கள் மேலாளர். மாத்தளை டவுன்காரர், முஸ்லிம். அண்ணன் என்ற முறையில் நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னிடம் வந்து, கடலில் நீங்கள்தான் நன்றாகச் செய்ததாக அங்கிருந்து சொன்னார்கள், என்ன பலகை வேண்டும் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். போவது நான்தான் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நான் நினைத்தேன். படித்துப் படித்துச் சொன்னாலும் ஏறாத புத்தி, இந்த மாதிரி இடத்தில் மட்டும் தானாக நல்லதை நினைத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் கட்டைப் பலகையே கூடாது என்றார். கட்டையில போறவங்களுக்குத்தான் கட்டை என்று நானாவுக்கு முன்னால் பகிடி விட்டார். நானும் உயரத்தில் கட்டைதான். அதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார். நீளப் பலகை வந்தால் யாரும் ஓட்டலாம், விருந்தாளிக்கும் கொடுக்கலாம், பழசானால்கூட இங்கே கொண்டுவந்து ஓட்டலாம் என்பது அவர் வாதம். நானாவுக்கு அது சரியாகப் பட்டது. விட்டேனா? எங்கள் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டை நானாவுக்கு ஞாபகப்படுத்தினேன். அங்கே பஸ் வளைவுக்கு வளைவு நின்று, பின்னால் எடுத்து, கண்டக்டர் இறங்கி விசில் அடித்து, அப்புறம்தான் திரும்பும். ஓட்டோ அதே வளைவில் சும்மா திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். அலை முழுக்க வளைவுதான், அதில் பஸ்ஸைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று கேட்டேன். நானா சிரித்துவிட்டார். அடுத்த நாள், அதில் ஏறி நிற்க முடியுமா என்று கேட்டார், அதற்கும் பதில் வைத்திருந்தேன். அதற்கடுத்த நாள் முதலாளியிடம் தானே பேசிவிட்டு வந்து, கட்டைதான் என்று சொன்னார். எட்டடிக்கும் குறைவாக ஒன்று. கம்பனிக்காரர்கள் ஆளின் எடையைக் கேட்டு அதற்கேற்ப அகலமும் தடிப்பும் வைத்துச் செய்து அனுப்புவார்களாம்.

பலகைக்குச் சொன்ன அன்று நான் நீர்த்தேக்கத்தில் விருந்தாளிகளோடு இருந்தேன். தண்ணீருக்குப் போகும்போது நான் போன் கொண்டுபோவதில்லை. நானா மாத்தளையில் இருந்து, பலகைக்கு எழுதிப் போடும் நேரத்தில், என் வீட்டுக்காரரின் போனுக்கு எடுத்திருக்கிறார். எடை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். இவர் எண்பத்தைந்து என்று சொல்லியிருக்கிறார். நான் கரைக்கு வந்து தலை துவட்டும்போது, பலகைக்குச் சொல்லியாச்சாம் என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பிடித்த நெத்தலிக் கருவாட்டைப் பொரித்துப் போட்டேன். தின்றார்.

பலகை வந்தது மழை விட்டபிறகு, ஒரு லொறியில், அட்டையும் பிளாஸ்டிக்கும் சுற்றி. நானாதான் கத்தியைக் கொடுத்து என்னையே பிரிக்கச் சொன்னார். நீளம் நான் கேட்ட நீளம். நிறம்கூட நான் காட்டிய நிறம். ஆனால் கைப்பிடியில் பிடித்துத் தூக்கியபோது இடுப்பில் அணைக்க முடியாமல் கை அகன்று போனது. வால் பக்கம் லீட்டர் கணக்கு அச்சடித்திருந்தது. அதைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. இருந்தாலும் தண்ணீரில் போட்டு ஏறினேன். பலகை எனக்குக் கீழே ஒரு விரற்கடை தாழவில்லை. ஓரத்தை அமுக்கினேன், மீன்காரர் ஐஸ் போட்டுவரும் பஞ்சு எடை ரெஜிபோம் பெட்டி மாதிரி மேலே வந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்று என்னையும் பலகையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பட்டமரத்தில் விட்டது. பிறகு என் வீட்டுக்காரர் ஏறினார். அவருக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. எத்தனை அமிழ வேண்டுமோ அத்தனை அமிழ்ந்தது.

நானா கரையில் நின்று இரண்டையும் பார்த்தார். அவர் ஒன்றும் விளங்காத மனிதர் இல்லை. என் வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் நானா அவரிடம் கேட்டார்.

“நான் உங்கட வெயிட் எவ்வளவுண்டு தானே கேட்டேன்? தங்கச்சி பக்கத்தில நிப்பாங்கண்டு நெனச்சி, தங்கச்சிட வெயிட்டத்தான் கேட்டேன். ஒனக்குண்டா நான் ஒன்ட வெயிட்டுண்டு தானே கேப்பேன்.”

“உங்கன்னு கேட்டீங்க நானா. போன் என்கிட்டத்தானே இருந்துச்சு. நான் என்னைய கேக்குறீங்கன்னு நெனச்சேன்,” என்றார் இவர்.

நானா சொன்னது உண்மை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் என் வீட்டுக்காரரை நீ, வா, போ என்றுதான் பேசுவார், தம்பி மாதிரி. என்னிடம், பிறர் வீட்டுப் பெண் என்ற மரியாதையில், நீங்கள் என்பதைத் தவிர ஒரு வார்த்தை வந்தது கிடையாது. விடுதியில் நாய்க்குக்கூடத் தெரியும். போன் யார் கையில் இருந்தாலும், அந்த வாயிலிருந்து “உங்கட” என்று வந்தால் அது நான். அதில் இரண்டாம் பேச்சே இல்லை.

இவர் சொன்னதும் பொய் இல்லை என்று வாதாடலாம். எங்கள் வீட்டில் “உங்க” என்றால் அவர் மட்டும்தான். உங்க சட்டை, உங்க சோறு, உங்க போன் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். என்னிடம் அவர் நீ என்பார். அந்தச் சொல் எனக்கும் பொருந்தும் என்று அவர் காது ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் வாரக்கணக்கில் அதே காதில் லீட்டர் கணக்கை ஓதியவளும் நான்தான். பலகை எந்த உடம்புக்கோ அந்த உடம்புதான் கடலுக்குப் போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எண்பத்தைந்து என்று சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட நேரம் இருந்திருக்கும். “அவளையா கேக்குறீங்க?” என்று ஒரு கேள்வி. அதைத்தான் அவர் கேட்கவில்லை.

அன்று எங்கள் அறையில் சண்டை நடந்தது. யார் போனால் என்ன, சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வருகிறது என்றார். நான் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை என்றேன். பின்னே எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று உண்மையாகவே கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது? அலையில் பலகை திரும்பும்போது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், கேட்கிறவர் பல்லுக்குள் ஈர்க்குச்சி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வாய் வராது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் அழலாம். தாழியை உடைக்காமல் வெண்ணெயை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, தாழி பத்திரமாகத்தானே இருக்கிறது என்று காட்டுகிறவரிடம் என்ன சொல்லி அழுவது?

சும்மா விட்டுவிடவில்லை. வேலை முடிந்து தினமும் அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு காற்றடிக்கும் பக்கம் போனேன். நீர்த்தேக்கத்திலும் பலமாகக் காற்று வீசினால் சின்ன அலைகள் எழும்பும். பின்காலில் முழு எடையையும் போட்டேன். குதித்தும் பார்த்தேன். பலகை மூக்கை மட்டும் தூக்கி, கொஞ்சம் யோசித்து, நேரே போனது. இன்னொரு பலகைக்குச் சொல்ல முடியுமா என்று நானாவைக் கேட்டேன். முதலாளி இதற்கே முகம் சுளித்ததாகச் சொல்லிவிட்டு, நிலத்தைப் பார்த்தார். அவருக்கு வருத்தம்தான். வருத்தத்தில் ஏறி நின்று துடுப்புப் போட முடியாது.

சித்திரை கழிந்து என் வீட்டுக்காரர் கடற்கரைக்குப் போனார். பலகையைப் பஸ்ஸின் கூரையில் கட்ட நான்தான் கயிறு பிடித்தேன். கட்டையாக இருந்ததால் கூரையில் ஒழுங்காகக் கிடந்தது. நீளப் பலகை என்றால் கண்டக்டர் ஏற்றியிருக்க மாட்டார். அந்த நன்மையையும் அவருக்கு நானே செய்து வைத்திருந்தேன்.

அவர் போன பிறகு நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். அவர் விழ வேண்டும். பெரிய காயம் வேண்டாம், அம்மன் மேல் சத்தியமாக வேண்டாம். திருப்ப முடியாமல் திண்டாடி, கால் எங்கே வைப்பது என்று எனக்குப் போன் பண்ணிக் கேட்க வேண்டும். நீர்த்தேக்கத்தில் மரத்தைக் கண்டு ஒதுங்கிப் போன மனிதர், அங்கே எப்படி ஒதுங்குவார்? கேட்டால் சொல்லிக் கொடுப்பதா, விடுவதா என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சொல்லிக் கொடுப்பது என்றே முடிவு செய்திருந்தேன்.

போன் வந்தது, தவறாமல் வந்தது. அடுப்புக்குக் கேஸ் முடிந்துவிட்டதா என்று கேட்டார். உக்குவளைக்குப் போனேனா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்று கேட்டார். தான் இடுப்பில் கட்டும் நீலச் சாரத்தை எங்கே வைத்தேன் என்று கேட்டார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே ஒருநாள், பலகை திரும்புகிறதா என்று கேட்டேன்.

“அது திரும்பும்,” என்றார்.

பருவம் பாதி போனபோது நானா தன் போனைக் கொண்டுவந்து ஒரு வீடியோவைக் காட்டினார். கடற்கரையில் யாரோ எடுத்தது. என் வீட்டுக்காரர் அலையில் வருகிறார். இரண்டு எட்டுப் பின்னால் நகர்கிறார், வாலை அமுக்குகிறார், திருப்புகிறார். மேலே போய் மறுபடி திருப்புகிறார். முழங்கால் மடங்கியிருந்த அளவு, துடுப்பை ஊன்றிய இடம், எல்லாம் என்னுடையது. என்னிடம் ஒருநாளும் கேட்டுப் பழகவில்லை. இத்தனை காலமும் தூரத்தில் சுற்றிப் போய்க்கொண்டே, நான் திருப்புவதைப் பார்த்து வைத்திருக்கிறார். நோகாமல் நுங்கு தின்கிற கலையை அவரிடம்தான் படிக்க வேண்டும். சரியாகச் செய்கிறானா என்று நானா கேட்டார். சரிதான் என்றேன். பிழை சொல்ல நினைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன், பிழை இருக்கவில்லை. அவர் நன்றாகச் செய்தார் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பருவம் முடிந்து அவர் கறுத்துப் போய் வந்தார். கொஞ்ச நாளில் முதலாளியும் கொழும்பிலிருந்து வந்தார். கரையில் பலகைகள் அடுக்கியிருந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். முதலாளி தமிழர்தான், அமைதியாகப் பேசுகிறவர். அந்தக் கட்டைப் பலகையைத் தட்டிப் பார்த்து, இது நல்ல யோசனை, யாருடைய யோசனை என்று கேட்டார்.

“நாங்கதான் சார். ரெண்டு பேரும் பேசித்தான் எடுத்தோம்,” என்றார் என் வீட்டுக்காரர். என் பங்கைப் பாதி எனக்கே தந்ததில் அவர் முகத்தில் ஒரு பெருந்தன்மை தெரிந்தது. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள்; இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது.

நானா குறுக்கிட்டார். யோசனை முழுக்கத் தங்கச்சியுடையது, கடலிலும் அவர்தான் முதலில் நன்றாகச் செய்தவர் என்று சொன்னார். சொல்லாமல் இருந்த கடனைத் தீர்ப்பது மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். முதலாளி ஆச்சரியப்பட்டார். அப்படியென்றால் வருகிற பருவத்துக்கு இவருக்கும் ஒன்று எடுப்போம் என்றார். ஈர மணலில் கால்விரல்களை ஊன்றிக்கொண்டு நின்றேன். முதலாளி தன் போனை எடுத்து, குறித்துக்கொள்ளத் தயாராகி, என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

“வைஃப் எத்தன கிலோ?”

நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். ஏழு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிற மனிதர். பலகைக்கு என்னென்ன வேண்டும் என்று நான் பேசிய அத்தனை நாளும் கூட இருந்தவர். அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

“அறுபது இருக்கும் சார்,” என்றார்.

“நாப்பத்தெட்டு,” என்றேன் நான்.

முதலாளி போனில் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது கரையில் விருந்தாளிகள் இறங்கினார்கள், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், நான் லைஃப் ஜாக்கெட்டுகளை எடுக்கப் போக வேண்டியிருந்தது. எந்த எண்ணைத் தட்டினார் என்று எனக்குத் தெரியாது. பலகை இன்னும் வரவில்லை.